வியர்த்து நனைந்த குதிரை ஏன் தண்ணீரைத் தொடவில்லை?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இருக்கிறேன். மார்வாரிக் கலப்பில் 9 வயதுப் பெண்குதிரை ஒன்று வளர்க்கிறேன். மார்புச் சுற்றளவு 170 செ.மீ.; தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை 156 செ.மீ. ஜனவரி கடைசியில் நண்பர்களோடு கோடநாடு பக்கத்து எஸ்டேட் ரோடுகளில் 40 கி.மீ. சவாரி போனோம். விடியலில் உறைபனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். 28-வது கி.மீ. நிறுத்தத்தில் குதிரைக்கு வயிற்றடியில் வியர்வை சொட்டியது. ஆனால் வாளியில் வாயே வைக்கவில்லை. மெடிக்கல் கடையில் வாங்கிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 4-ஐ ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தோம். ரேஸ் குதிரைகளோடு வேலை பார்த்த ஒரு சைஸ் (குதிரை பராமரிப்பவர்) சொன்னபடி ஒரு கைப்பிடி ஆப்பசோடாவும் போட்டு பாட்டிலால் ஊற்றினோம். அரை மணி நேரத்தில் இரண்டு அள்ளையும் (விலாவுக்குப் பின்னால் உள்ள வயிற்றுப் பக்கம்) விக்கல் எடுப்பதுபோல் துடித்தன. சவாரியை நிறுத்தினோம். இரவுக்குள் சரியாகிவிட்டது. தீவனம் கிக்குயூ புல் மேய்ச்சல், கோதுமைத் தவிடு, வேகவைத்த கொள்ளு. என்ன தவறு செய்தோம்? எலக்ட்ரோலைட் (தாது உப்பு) எதை, எப்போது, எவ்வளவு கொடுப்பது? மார்ச்சில் மேட்டுப்பாளையம் பக்கம் கீழே 60 கி.மீ. போக நினைக்கிறோம். என் மகளின் மட்டக்குதிரைக்கும் (220 கிலோ) கொடுக்க வேண்டுமா?

பதில்: உங்கள் குதிரைக்கு வந்தது விக்கல் அல்ல. மறுபடி அப்படித் துடித்தால் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, இன்னொரு கையை அள்ளையில் வைத்துப் பாருங்கள். இதயம் ஒரு முறை அடிக்கும்போது அள்ளையும் ஒரு முறை துடிக்கும். மூச்சோடு அது சேராது. மூச்சுக்கான தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு இதயத்தை உரசினாற்போல் இறங்குகிறது. ரத்தத்தில் கால்சியமும் குளோரைடும் குறைந்தால் அந்த நரம்பு தொட்டாற்சிணுங்கியாகிவிடும். இதயத்தின் ஒவ்வொரு மின்துடிப்பும் அதையும் சுண்டிவிடும். இந்தத் துடிப்பு மட்டும் உயிரை எடுத்துவிடாது. ஆனால் உடம்பின் உப்புக் கணக்கு பிசகிவிட்டது என்பதற்கு வெளியே தெரியும் தெளிவான அடையாளம் இது. இதைப் பார்த்த பிறகு ஒரு கி.மீ. கூட ஏறி ஓட்டக் கூடாது. நீங்கள் நிறுத்தியது மிகச் சரி. அதற்கு முன் ஊற்றியதுதான் தவறு.

நம் வியர்வைக்கும் குதிரையின் வியர்வைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நம் வியர்வை ரத்தத்தைவிட நீர்த்தது. வியர்க்க வியர்க்க உடம்பில் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும். அந்தக் கெட்டித்தன்மையை மூளை கண்டுகொண்டு தாகம் எடுக்க வைக்கும். குதிரையின் வியர்வையோ ரத்தத்துக்கு நிகரான உப்புள்ளது. சில சமயம் அதைவிடக் கூடுதல். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறக்குறைய 3 கிராம் சோடியம், 6 கிராம் குளோரைடு, ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகப் பொட்டாசியம், சிறிதளவு கால்சியம், மெக்னீசியம் என்று மொத்தம் 10 கிராம் தாது போய்விடுகிறது. தண்ணீரும் உப்பும் ஒரே விகிதத்தில் போவதால் மிஞ்சும் ரத்தத்தின் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை. மூளைக்குத் தகவலே போகாது. 15 லிட்டர் இழந்த குதிரை தாகமில்லாமல் வாளியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வது இதனால்தான். அது அடம் அல்ல. நீங்கள் வைத்தது ஜனவரி மாத ஓடைத் தண்ணீர் என்றால் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஓடி வந்த குதிரை மிகக் குளிர்ந்த நீரைவிட 20 டிகிரி செல்சியஸ் அளவிலுள்ள நீரை அதிகம் குடிக்கும்.

ஆகவே எலக்ட்ரோலைட்டின் முதல் வேலை தாகத்தை உண்டாக்குவது. இழந்ததை ஈடுகட்டுவது அடுத்த வேலைதான். உப்பு உள்ளே போனால் ரத்தத்தின் அடர்த்தி லேசாக ஏறும், தாகம் எடுக்கும், குதிரை குடிக்கும், குடித்த நீர் உடம்பில் தங்கும். இதிலிருந்தே முக்கியமான விதியும் வருகிறது: தண்ணீர் குடிக்கும் குதிரைக்குத்தான் எலக்ட்ரோலைட். வறண்டுபோய், குடிக்கவும் மறுத்து நிற்கும் குதிரையின் வயிற்றில் அடர்த்தியான உப்பைச் செலுத்தினால், அதைக் கரைக்க ரத்தத்திலிருந்தே நீர் குடலுக்குள் இழுக்கப்படும். ஏற்கெனவே குறைந்திருக்கும் ரத்த அளவு இன்னும் குறையும்.

28-வது கி.மீ. நிறுத்தத்தில் நடந்தது இதுதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 20.5 கிராம். அதில் சாதா உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். ஒரு லிட்டரில் ஒரு பாக்கெட் கரைத்தால் ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்த கரைசல் கிடைக்கும். நான்கைக் கரைத்தால் ரத்தத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி. ஒரு கைப்பிடி சோடா அதை இன்னும் பல படி ஏற்றிவிட்டது. இவ்வளவுக்கும் குதிரைக்குக் கிடைத்தது என்ன? 15 லிட்டர் வியர்வை என்று வைத்தால் 90 கிராம் குளோரைடு போயிருக்கும். நான்கு பாக்கெட்டிலும் சேர்த்து 9 கிராம்தான் இருந்தது. மீதி பெரும்பாலும் சர்க்கரை.

ஓ.ஆர்.எஸ். மோசமான பொருள் என்று சொல்லவில்லை. வயிற்றுப்போக்கில் கிடக்கும் குழந்தைக்காக வடிவமைத்தது அது. அந்தக் குழந்தையின் ரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும். சிட்ரேட் உடம்புக்குள் போய்ப் பைகார்பனேட்டாக மாறி அந்தச் சாய்வை நிமிர்த்தும். நெடுந்தூரம் ஓடிய குதிரைக்கு நிலைமை நேர் எதிர். வியர்வையில் குளோரைடு அளவுக்கு மீறிப் போய்விடுவதால் அதன் ரத்தம் காரப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ரத்தம் காரமானால், கரைந்து வேலை செய்யும் கால்சியம் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். மொத்தக் கால்சியம் அதே அளவு இருந்தாலும் நரம்புக்குக் கிடைப்பது குறையும். அந்த நேரத்தில் ஆப்பசோடா கொடுப்பது காரத்தின் மேல் காரம். உங்கள் குதிரை ஏற்கெனவே துடிப்பின் விளிம்பில் இருந்திருக்க வேண்டும். சோடா அதைத் தள்ளிவிட்டது.

சைஸ் மேல் கோபப்பட வேண்டாம். சோடா வழக்கம் ரேஸ் உலகத்திலிருந்து வந்தது. ஒன்றிரண்டு நிமிடம் முழு வேகத்தில் ஓடும் குதிரையின் தசையில் அமிலம் சேரும்; அதை முறிக்கலாம் என்ற எண்ணத்தில் கொடுத்தார்கள். அங்கேயே அது இன்று தடை செய்யப்பட்ட பழக்கம். ஐந்து மணி நேரம் ஓடும் குதிரைக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது. பாட்டிலால் ஊற்றுவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் போனால் வரும் நிமோனியா, உப்புக் குறைவைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

இனி என்ன கொடுப்பது? பெரும்பாலும் சமையலறை உப்பே போதும் என்று சொல்லிவிடலாம், அவ்வளவு எளிது. எடையில் மூன்று பங்கு சாதா உப்பு, ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. இந்தக் கலவையில் 60 கிராம் எடுத்தால் 45 கிராம் உப்பும் 15 கிராம் பொட்டாசியம் குளோரைடும் இருக்கும். அதிலிருந்து 17 கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாகச் சோடியம், 34 கிராம் குளோரைடு, 8 கிராம் பொட்டாசியம் கிடைக்கும். மேலே சொன்ன வியர்வைக் கணக்கோடு ஒப்பிட்டால் இது ஐந்தரை லிட்டர் வியர்வைக்கு ஈடு. அயோடின் கலந்த தூள் உப்பு பரவாயில்லை. இந்த அளவில் வரும் அயோடின் குதிரைக்குத் தீங்கு செய்யாது. கல்லுப்பு என்றால் நன்றாகப் பொடித்துக்கொள்ளுங்கள். இந்துப்பில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கூடுதல் விலைக்குக் கூடுதல் பலன் இல்லை. டீஸ்பூன் கணக்கு பொடிக்குப் பொடி மாறும். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம் என்றாலும், சமையலறைத் தராசில் நிறுத்துச் சிறு பாக்கெட்டுகளாகக் கட்டிவைப்பதே நல்லது.

பொட்டாசியம் குளோரைடு விஷயத்தில் எஸ்டேட்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் ஸ்டோரில் மூட்டையாக இருக்கும் பொட்டாஷ் உரமும் பெயரளவில் அதே பொருள்தான். ஆனால் உரத் தரத்தில் மண்ணும் பிற உப்புகளும் கலந்திருக்கும். ஒரு பிடி கூட எடுக்காதீர்கள். உணவுத் தரமோ மருந்துத் தரமோ உள்ளதை மட்டும் வாங்குங்கள். கிடைக்கவில்லையா? சாதா உப்பு மட்டும் கொடுங்கள், பெரிய நஷ்டமில்லை. ஓடும்போது தசைகளிலிருந்து பொட்டாசியம் கசிந்து ரத்தத்தில் அதன் அளவு ஏறியே இருக்கும். இழந்த பொட்டாசியத்தை அன்று இரவும் மறுநாளும் தின்னும் புல்லே கொடுத்துவிடும். அதே காரணத்துக்காக, பொட்டாசியத்தைக் கூட்டிக் கொடுத்தால் நல்லது என்று எண்ணி விகிதத்தை மாற்ற வேண்டாம்.

கடைப் பொடி வாங்குவதானால் லேபிளைப் படியுங்கள். முதலில் உப்பு இருக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் முதலில் இருந்தால் நீங்கள் வாங்குவது சர்க்கரை. சோடியம் பைகார்பனேட் (ஆப்பசோடாதான்) எந்த இடத்தில் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோடைக்காலத்தில் கோழிப்பண்ணைகளுக்கு விற்கும் எலக்ட்ரோலைட் பொடி மலிவாகக் கிடைக்கும், அது கோழிக்கானது. கோழித் தீவனம் பக்கமே குதிரையை விடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதில் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும்.

அளவுக்கு வருவோம். மார்புச் சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். உங்கள் அளவுகளுக்கு 380 கிலோ. இந்த எடைக்கு அன்றாடம் 20 கிராம் உப்பு, வேலையில்லாத நாளிலும், தீவனத்தில் கலந்து போக வேண்டும். புல்லில் பொட்டாசியம் தாராளம்; சோடியம் மிகக் குறைவு. லாயத்தில் தொங்கும் உப்புக் கட்டியை மாடு போல நக்கித் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் பழக்கம் எல்லாக் குதிரைக்கும் கிடையாது. தினசரி உப்புப் பாக்கி வைத்துக்கொண்டு சவாரி நாளில் பேஸ்ட் (கலவையைக் குழைத்து வாயில் செலுத்தும் பசை) கொடுப்பது வீண். ஒரு வாரம் முன்பிருந்தே அதிகமாக ஏற்றிவைப்பதும் வீண். உடம்பு சோடியத்தைச் சேமித்து வைக்காது, சிறுநீரில் கழித்துவிடும். சேமிப்பு இருக்கும் ஒரே இடம் பெருங்குடல். நார்ச்சத்துள்ள புல் அங்கே தண்ணீரையும் உப்பையும் பஞ்சு போலப் பிடித்து வைத்திருக்கும். ஓடும்போது உடம்பு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். சவாரிக்கு முந்தைய இரவு வயிறு கொள்ளும் வரை புல் போடச் சொல்வது அதனால்தான். பசியோடு ஓடினால் இலேசாக ஓடும் என்பது தவறான எண்ணம்.

மலையில் 40 கி.மீ. என்றால், வெயிலும் ஏற்றமும் பொறுத்து உங்கள் குதிரை 15 முதல் 20 லிட்டர் வியர்க்கலாம். அதாவது 150 முதல் 200 கிராம் தாது. முழுவதையும் வழியிலேயே திருப்பிக் கொடுக்க முயலக் கூடாது. பாதி போதும். முந்தைய இரவுத் தீவனத்தில் வழக்கமான உப்போடு கூடுதலாக 25 கிராம் கலவை. காலையில் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஈரத் தீவனத்தில் 25 கிராம். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த வாளி. 15-வது கி.மீ. நிறுத்தத்தில் 25 கிராம், 28-வதில் 25 கிராம், முடிந்து குடித்த பிறகு 30 கிராம், இரவுத் தீவனத்தில் இன்னொரு 30. அடுத்த இரண்டு நாளும் வழக்கத்தைவிட 30 கிராம் கூடுதல். வயிற்றடியில் சொட்டாமல் சேணத்தடி மட்டும் நனையும் மேகமூட்டமான நாளில் இதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். மூடுபனி நாளை மட்டும் நம்பாதீர்கள். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். உடம்பு குளிராது, ஆகவே இன்னும் வியர்க்கும். குளிராக இருக்கிறதே என்று உப்பைக் குறைத்துக் குதிரையைக் கெடுப்பது மலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

நிறுத்தத்தில் கொடுக்கும் முறைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தண்ணீர். பிறகு நனைத்த புல்லோ தவிட்டுக் கஞ்சியோ இரண்டு வாய். அதன் பிறகு பேஸ்ட். வெறும் வயிற்றில் அடர்த்தியான உப்பு போனால் இரைப்பையின் மேல்பகுதியை அரிக்கும். ஓடும் குதிரைகளுக்கு அங்கே புண் இருப்பது சர்வசாதாரணம். திரும்பத் திரும்பக் கொடுக்கும் உப்பு அதை வளர்க்கும், புண் வலிக்கும் குதிரை தின்பதையும் குடிப்பதையும் நிறுத்தும். பேஸ்ட் செய்ய நம் மலையில் கிடைக்காத பொருள் எதுவும் வேண்டாம். ஊட்டி கேரட்டை வேகவைத்து மையாக மசித்து, 25 கிராம் கலவைக்கு இரண்டு குழிக்கரண்டி சேர்த்து, சிரிஞ்சில் இறங்கும் பதத்துக்குத் தண்ணீர் விடுங்கள். பழுத்த வாழைப்பழமும் ஆகும். 60 மி.லி. சிரிஞ்சின் மூக்கை அறுத்து, விளிம்பைத் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நுழைத்து, நாக்கின் பின்பக்கம் மெதுவாகச் செலுத்துங்கள். தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம், தாடை தரைக்கு இணையாக இருந்தாலே போதும். பிறகு சுத்தத் தண்ணீரை வாயில் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் கடிவாளம் உரசும் இடத்தில் உப்பு தங்கிப் புண்ணாகும். அடுத்த முறை சிரிஞ்சைக் கண்டதும் குதிரை தலையைப் பிடுங்கும்.

தண்ணீருக்கு இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் 5 லிட்டருக்கு 45 கிராம் உப்பு; இன்னொன்றில் சாதா நீர். நிறுத்தத்தில் முதலில் உப்பு நீரைக் காட்டுங்கள். நீர் இழந்த குதிரை முதல் குடியாக இந்த அடர்த்தியிலுள்ள உப்பு நீரைக் குடித்தால், தாகம் சட்டென்று அடங்கிவிடாமல் தொடரும். பிறகு சாதா நீரையும் கூடுதலாகக் குடிக்கும். உப்பு நீர் 5 லிட்டரையும் குடித்துவிட்டால் அந்த நிறுத்தத்தில் பேஸ்ட் கிடையாது. அதுவே 45 கிராம். உப்பு நீரை மட்டும் வைத்துவிட்டுச் சாதா நீரைத் தராமல் இருப்பது கூடாது. முதல்முறையாக இதைச் சவாரி நாளில் செய்து பார்க்கவும் கூடாது. வீட்டில் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும், லிட்டருக்கு ஒரு சிட்டிகையில் தொடங்கி, ஒரு மாதத்தில் பழக்குங்கள். வாளிகளை வெயிலில் வைத்தால் ஜனவரியிலும் குளிர் உடையும். காய்கறித் தோட்டத்துக்கும் தேயிலைச் சரிவுக்கும் கீழே ஓடும் ஓடை நீரை நம்ப வேண்டாம், மருந்து தெளித்த தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். வீட்டுத் தண்ணீரை ஜீப்பில் அனுப்பிவையுங்கள்.

சூடாக இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் வயிற்றுவலி வரும் என்று லாயத்தில் யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டுத் தண்ணீரைத் தள்ளிப்போடாதீர்கள். வந்தவுடன் குடிக்க விடுங்கள். குடலில் நீர் குறைந்து அதன் அசைவு நிற்பதுதான் இங்கே வயிற்றுவலிக்குப் பெரிய காரணம்.

உப்பைவிட முக்கியமானது ஒன்று: இந்தக் குதிரை மேலே போகலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் முடிவெடுப்பது. நிறுத்தம் வந்து 15 நிமிடத்துக்குள் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். பல போட்டிகளில் இதுதான் எல்லை. வந்த பிறகு கையில் பிடித்து 40 மீட்டர் போக, 40 மீட்டர் வரத் துள்ளுநடையில் ஓட்டிக் கூட்டி வாருங்கள். ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் முடிந்ததும் மறுபடி எண்ணுங்கள். முன்பு இருந்த எண்ணுக்குத் திரும்பியிருந்தால் நல்லது. நாலுக்கு மேல் கூடியிருந்தால் களைப்போ வலியோ நீரிழப்போ உள்ளே இருக்கிறது. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும்; ஈறு பிசுபிசுவென்று ஒட்டக் கூடாது. தோள் முனையில் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். இரண்டு அள்ளையிலும் காதை வைத்துக் கேளுங்கள். குடல் சத்தம் இல்லாவிட்டால் அது பெரிய எச்சரிக்கை. இதில் இரண்டு கெட்டிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் பேஸ்டைத் தொடாதீர்கள், சவாரியை முடித்துவிடுங்கள். நிழலில் நிறுத்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்து, நனைத்த பச்சைப் புல்லைக் காட்டுங்கள். அரை மணி நேரத்தில் மாற்றமில்லை என்றால் கால்நடை மருத்துவர் வந்து மூக்குக் குழாய் வழியாகவோ ரத்தக்குழாய் வழியாகவோ நீர் ஏற்ற வேண்டும். ஆகவே கிளம்பும் முன்பே ஒரு மருத்துவரிடம் பேசி, ஜீப் வந்து சேரக்கூடிய ரோட்டில் நிறுத்தங்களை வையுங்கள்.

அள்ளை துடித்தால் இன்னொரு ஆபத்தான ஆசை வரும். மாடு வைத்திருப்பவர் வீட்டில் கால்சியம் போரோகுளுக்கோனேட் பாட்டில் இருக்கும். கன்று போட்ட மாட்டுக்குக் கொடுக்கும் மருந்துதானே என்று ரத்தக்குழாயில் ஏற்றத் தோன்றும். வேகமாக ஏறும் கால்சியம் இதயத்தை நிறுத்திவிடும். மருத்துவர் அதை நீர்க்கச் செய்து, இதயத்தைக் கேட்டுக்கொண்டே சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றுவார். சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ, பின்தொடை கல்லாக இறுகி நடக்க மறுத்தாலோ அது தசை சிதைவு. அப்போது நடத்திக்கூடக் கூட்டி வராமல் நின்ற இடத்துக்கே மருத்துவரை வரவழையுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது தீவனப் பட்டியல். கிக்குயூ புல்லில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து, குதிரையின் குடல் உறிஞ்ச முடியாத படிகமாக்கிவிடும். மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாடு அதே புல்லில் கொழுக்கும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதன் மேல் கோதுமைத் தவிடு. அதில் கால்சியத்தைப் போல எட்டு, பத்து மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. அதுவும் கால்சியத்துக்கு எதிராக வேலை செய்யும். வருடக்கணக்கில் இப்படிப் போனால் எலும்பிலிருந்து கால்சியம் உருகி, முகம் புடைத்து, கால் மாறி மாறி நொண்டும். உங்கள் குதிரை அந்த நிலைக்கு வராவிட்டாலும், சவாரி நாளில் கால்சியம் சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தவிட்டைப் பாதிக்குக் கீழே குறையுங்கள். கோவைப் பக்கம் விளையும் தீவனப்பயிரான குதிரைமசால் தினமும் ஒன்றரை கிலோ உலர்ந்ததாகச் சேருங்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டு, தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் தூள் தினமும் 40 கிராம் கொடுங்கள். கடையில் சுண்ணாம்பு என்று மட்டும் கேட்காதீர்கள். வெற்றிலைக்குப் போடுவதும் சுவருக்கு அடிப்பதும் வாயைப் பொசுக்கிவிடும்; வேண்டியது கால்சியம் கார்பனேட். இதைச் சவாரிக்கு முந்தைய இரண்டு நாளில் அள்ளிக் கொடுத்துப் பயனில்லை. அதிகக் கால்சியம் திடீரென்று வந்தால், எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் உடம்பின் சொந்த ஏற்பாடு சோம்பிப்போகும். சில வாரங்கள் நிதானமாகத் திருத்துங்கள். சவாரி நாளில் நிறுத்தத்துக்கு ஒரு கைப்பிடி நனைத்த குதிரைமசால் போதும். அது இரைப்பை அமிலத்தையும் தணிக்கும்.

முடித்து வரும் இடத்தில் மலைக்காற்று வீசும். உடம்பு சூடாக இருக்கும் வரை தண்ணீர் ஊற்றி ஆற்றுங்கள். மார்பு தொட்டால் குளிர்ந்திருக்கிறது என்றானதும் இடுப்பின் மேல் கம்பளி போட்டு மெதுவாக நடத்துங்கள். சூடு தணியும் முன்பே கம்பளி போட்டால் வெப்பம் உள்ளேயே அடைபடும்.

மார்ச் மாதச் சவாரிக்கு நான் இப்போது சம்மதிக்க மாட்டேன். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். இறங்கினாலே ஏறக்குறைய 10 டிகிரி வெப்பம் கூடும். மார்ச்சில் அங்கே பகல் 35 டிகிரியைத் தொடும். வெப்பத்துக்குக் குதிரையின் உடம்பு பழக இரண்டு முதல் மூன்று வாரம் கீழேயே தங்கி, தினமும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். லாரியில் ஏற்றி முந்தைய நாள் இறக்கினால் போதாது. 40 கி.மீ. ஓட்டத்தில் அள்ளை துடித்த குதிரையை, ஒன்றரை மாதத்தில், பழகாத வெப்பத்தில் 60 கி.மீ. ஓட்டுவதற்கு எந்தப் பேஸ்டும் ஈடு செய்யாது. முதலில் ஓய்வில் இருக்கும்போது ரத்தம் எடுத்து, மொத்தக் கால்சியம், அயனிக் கால்சியம் (கரைந்து வேலை செய்யும் பங்கு), மெக்னீசியம், சிறுநீரகச் செயல்பாடு பாருங்கள். தீவனத்தைத் திருத்தி, மலையிலேயே 25, பிறகு 40 கி.மீ. இரண்டு முறை சுத்தமாக முடியட்டும். கீழே போவதை அடுத்த குளிர்காலத்தில், டிசம்பர் அல்லது ஜனவரியில் வையுங்கள். அப்போது மலைக் குதிரைக்கு அடர்ந்த மயிர் வளர்ந்திருக்கும். கழுத்தடி, மார்பு, வயிற்றடி மயிரைக் கத்தரித்து இறக்குங்கள். அங்கே விடிகாலை கிளம்பிப் பத்து மணிக்குள் முடிக்கப் பாருங்கள். வெப்பத்தைப் பாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பதச் சதவீதத்தோடு கூட்டினால் 150-ஐத் தாண்டும் நேரத்தில் ஓட்ட வேண்டாம்.

மகளின் மட்டக்குதிரை 10, 15 கி.மீ. நடையும் துள்ளுநடையுமாகப் போவதானால் எலக்ட்ரோலைட் எதுவும் தேவையில்லை. தினமும் தலை தட்டிய இரண்டு டீஸ்பூன் உப்பைத் தீவனத்தில் கலந்து, எப்போதும் தண்ணீர் வைத்திருங்கள். அதுவும் கிக்குயூவில்தான் மேய்கிறது என்றால், சுண்ணாம்புக்கல் தூள் 20 முதல் 25 கிராம் அதற்கும் உண்டு.